கட்டுக்குளம்: தரைக்கு மேலே நிற்கும் தண்ணீருக்கு ஒரு பேர்

குமரி மாவட்டம் குழித்துறையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் ஆம்பல் வளர்க்க ஆசை. தோண்டலாம் என்றால் அரை அடியிலேயே பாறை. அதனால் தரைக்கு மேலே சுவர் எழுப்பித் தண்ணீர் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். வந்த கொத்தனார் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக்காரர்.

"ஒரு தொட்டி கட்டணும் அண்ணே."

"தொட்டியா? அது கடையில கிடைக்குமே சாரே."

மலையாளத்தில் தொட்டி என்றால் கிணற்றில் தண்ணீர் கோரும் வாளி. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. சரி, குளம் என்று மாற்றிச் சொன்னேன். "தோண்டுற மண்ணை எங்க தட்ட?" என்றார். கடைசியில் போனில் படத்தைக் காட்டியதும் முகம் தெளிந்தது. "ஓ, கெட்டிப் பொக்கணும்!"

கட்டி உயர்த்த வேண்டும் என்கிறார். பொக்கம் என்றால் உயரம். குமரித் தமிழிலும் அதே சொல்தான். படத்தைப் பார்த்ததும் அவர் வாயில் முதலில் வந்தது குளமும் இல்லை, தொட்டியும் இல்லை, 'கட்டு'. இந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன பேர் வைக்கலாம் என்று தேடியபோது, அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை இருந்தது.

பலரும் எழுதுவது 'உயர்த்தப்பட்ட குளம்'. இதைப் படித்தால் ஏற்கெனவே இருந்த குளத்தின் கரையை யாரோ உயர்த்திவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆங்கிலத்தில் இதை 'ரெய்ஸ்டு பாண்ட்' என்கிறார்கள். அதில் 'பாண்ட்' என்ற சொல்லின் கதை சுவையானது. அதுவும் 'பவுண்ட்' என்ற சொல்லும் உடன்பிறப்புகள். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பார்களே, நம் ஊரிலும் பவுண்டு என்றே சொல்வோமே, அந்தப் பவுண்டுதான். மாட்டை அடைத்தால் பவுண்டு, தண்ணீரை அடைத்தால் பாண்ட். ஆக, தோண்டுவது அந்தச் சொல்லின் மூலத்தில் இல்லை. அடைப்பதுதான் இருக்கிறது.

இதே எண்ணம் தமிழிலும் உண்டு. சிறை என்றதும் இன்று கம்பி எண்ணுவதுதான் நினைவுக்கு வரும். பழைய தமிழில் அது அணைக்கும் கரைக்கும் பெயர். பாய்ந்து வரும் படையைத் தனியாளாகத் தடுத்து நிற்கும் வீரனைத் தொல்காப்பியம் 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல' என்கிறது. கற்சிறை என்றால் கல்லணை. தமிழில் அந்தப் பொருள் மங்கிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் அது நன்றாகவே வாழ்கிறது. மலை அங்கே மல, தாமரை அங்கே தாமர. அதே கணக்கில் சிறை அங்கே சிற. அணைகரைக்கும் நீர்நிலைக்கும் அதுதான் பேர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள சிறயின்கீழ் என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் இந்தச் சிறதான். 1956 நவம்பர் 1-இல் களியக்காவிளைக்கு அப்பால் மாநில எல்லை விழுந்தது. சொற்களுக்கு அது தெரியாது.

அப்படியானால் 'சிறைக்குளம்' என்றே வைத்துவிடலாமா? எனக்கும் ஆசைதான். ஆனால் வீட்டுக்கு வருகிறவரிடம் "இது எங்கள் சிறைக்குளம்" என்றால் மீன்களுக்காக வக்கீல் பிடிப்பார்.

இலக்கியச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. வாவி, தடாகம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை, கொஞ்சம் அரண்மனை வாசனையும் அடிக்கும். இலஞ்சி என்றால் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும். மலையாளிக்கோ அது மகிழமரம். பொய்கை என்று எழுதுகிறவர்களிடம் மட்டும் எனக்குச் சண்டை உண்டு. மனிதர் ஆக்காமல் தானே அமைந்த நீர்நிலைதான் பொய்கை என்று பழைய உரைகள் பிரித்துச் சொல்கின்றன. ஹாலோ பிளாக் அடுக்கி, உள்ளே ரப்பர் விரிப்புப் போட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பியதைப் பொய்கை என்பது அநியாயம்.

தொட்டி பிழையில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் நீர் நிற்கும் கலம் அதுதான். ஆனால் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் தொட்டி, ரோஜா வைப்பதும் தொட்டி, மொட்டைமாடியில் இருப்பதும் தொட்டி. ஆம்பலும் தவளையும் தட்டானும் குடியேறிய இடத்துக்கு அது போதவில்லை.

குளம் என்ற சொல்லை விடக்கூடாது என்று எனக்குப் பட்டது. முன்னால் என்ன சேர்ப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்துத் தாலுகாவின் பெயரே கல்குளம். கிணற்றில் இதற்கு நேர் முன்மாதிரி உண்டு: உள்சுவர் எழுப்பியது கட்டுக்கிணறு, எழுப்பாதது கட்டாக்கிணறு. அதே வழியில் கட்டுக்குளம். கட்டுதல் என்றால் சுவர் எழுப்புவது. தண்ணீரைக் கட்டி நிறுத்துவதும் அதுவே. கேரளத்தில் இறால் வளர்க்க நீரை அடைத்த இடத்தைச் செம்மீன்கெட்டு என்கிறார்கள். குமரிப் பேச்சில் கட்டு என்பதே கெட்டுதான். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் கட்டுக்குளம் என்ற பெயரில் ஒரு பற்றே (பல ஊர்கள் சேர்ந்த பிரிவு) இருக்கிறது, ஆகவே காதுக்கும் புதிதில்லை.

இந்தப் பெயர் வேலையையும் சரியாகச் சொல்கிறது. தோண்டிய குளத்தில் சுற்றியுள்ள மண் தண்ணீரைத் தாங்கும். இங்கே சுவர்தான் எல்லாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 1,200 லிட்டர், அதாவது 1.2 டன். 2 மீட்டர் சுவர் ஒன்றின் மீது மட்டும் சுமார் 360 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விழும், அதுவும் அடியில்தான் அதிகம். மூலைகளில் கட்டு சரியாகப் பிணையாவிட்டால் அங்கேதான் முதலில் வாய் பிளக்கும். சிமெண்டு பூச்சு என்றால் இன்னொன்று: புதுப்பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரில் காரம் ஏறும். பலமுறை நிரப்பி வடித்த பிறகுதான் மீன் விட வேண்டும். பக்கமெல்லாம் வெயில் படுவதால் தண்ணீர் சீக்கிரம் சூடேறும். ஆம்பல் இலை பாதிப் பரப்பையாவது மூடட்டும்.

உறுப்புகளுக்குப் பெயர் தேடவே வேண்டாம். பெரிய குளத்தில் மிஞ்சிய நீர் வெளியேறும் வழியை மறுகால் என்போம். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கட்டுக்குளத்துக்கும் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு மறுகால் குழாய் வேண்டும். அடியில் வடிக்க வைப்பது தூம்பு. கொத்தனாரிடம் தூம்பு என்றேன். மறுபேச்சில்லாமல் குழாயை எடுத்து வைத்தார்.

வேலை முடிந்து கணக்குச் சீட்டு கொடுத்தார். மலையாள எழுத்தில், முதல் வரியில், 'குளம் கெட்டு, 3 நாள்'.