பில்லைக் காட்டினால் என்ஜின் தட்டாமல் விடுமா?

காலபோக நெல் அறுவடை தொடங்கியதும், ஏற்கெனவே ஒருமுறை பிரித்துச் செய்யப்பட்ட லொறி என்ஜின்கள் எங்கள் கராஜுக்கு வரத் தொடங்கிவிடும். அண்மையில் மாங்குளம் பக்கமிருந்து கட்டி இழுத்து வரப்பட்ட லொறிக்கு என்ஜின் செய்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. “அண்ணை, சாமான் முழுக்க ஒரிஜினல், பில் இருக்கு” என்று உரிமையாளர் தாளை நீட்டினார். இந்தப் போகத்தில் எனக்கு நீட்டப்பட்ட நான்காவது பில் அது.

என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றியபோது, ஒயிலை உறிஞ்சும் குழாயின் வலையில், மூட்டுகளில் ஒயில் கசியாமலிருக்கப் பூசும் சிலிக்கன் பசை புழுப் புழுவாக ஒட்டிக்கிடந்தது. பற்பசையைப் போலப் பூசினால் வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கத்தான் செய்யும். பிஸ்டனோடு இணைந்த தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பெயரிங்கின் மேற்பூச்சு கீறுண்டு, அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நுண்ணிய துகள்கள் அதில் பதிந்து மின்னின. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கில் நகத்தை ஓட்டினேன், தடக்கியது.

பெயரிங் ஒரிஜினல்தான். கிராங்கை 0.25 மில்லிமீற்றர் அரைப்பித்து, அதற்குரிய அளவிலேயே வாங்கியிருந்தார்கள். ஆனால் அரைத்த கிராங்கின் ஒயில் துளைகளுக்குள் தூரிகை விட்டுக் கழுவாததால், அங்கே தங்கிய அரைதூள் முதல் ஸ்டார்ட்டிலேயே ஒயிலோடு பெயரிங்குக்குள் போய்விட்டது. இப்போது 0.50க்கு அரைக்க வேண்டும். அரை மணி நேரக் கழுவலை மிச்சம் பிடித்ததால் கிராங்கை அரைக்கக்கூடிய சில அளவுகளில் ஒன்று வீணாகப் போயிற்று.

புதிய சாமான் போட்டால் என்ஜினும் புதிதாகிவிடும் என்ற எண்ணம், எத்தனை தடவை சொன்னாலும் விட்டுப்போவதாக இல்லை. எந்தக் கிராங்கில், சிலிண்டரின் உட்சுவரான எந்த லைனரில் தான் உட்காரப்போகிறேன் என்பது பெட்டிக்குள் இருக்கும் சாமானுக்குத் தெரியாது. நீள்வட்டமாகத் தேய்ந்த லைனருக்குள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிஸ்டன் ரிங்கைப் போட்டாலும், அது ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் விலகி, புகையையும் ஒயில் செலவையும்தான் தரும். பெயரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அதைக் கையால் ஆட்டிப் பார்த்து “சரி” என்பவர்களை என்னவென்று சொல்வது? செருப்புக் கடைக்காரர்கூடக் காலை அளந்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

பிழையாகச் செய்த என்ஜினை மறுபடி செய்பவர், முன்பு செய்த வேலையில் எதையும் நம்பாமல், லைனரை மேலும் கீழும் குறுக்காகவும் நெடுக்காகவும், கிராங்கை ஒவ்வோர் இடமாகவும் மைக்ரோமீற்றரால் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஹெட் போல்ட்டை ஸ்பானரில் குழாய் மாட்டி இறுக்காதீர்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் எதற்கு இருக்கிறது? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை மறித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி, ஒயில் பிரஷர் ஏறிய பிறகே ஓடவிடுங்கள். அதன்பின் மணிக்கணக்காக ஐடிலில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போக வேண்டாம். சுமையில்லாமல் ரிங் லைனரில் படியாது.

உரிமையாளர்களிடம் ஒன்றை மட்டும் தயவாகக் கேட்கிறேன். கழற்றிய பழைய பெயரிங்குகளை இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாமல், எது எந்த சிலிண்டருக்குரியது என்று எழுதி, பில்லோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். நான் முதலில் பார்ப்பது பெயரிங்கைத்தான்.