ஹார்ட் டாப் ஒழுகினால் சிலிக்கோனைத் தேடாதீர்கள்

திறந்த காரின் மேல் கழற்றி மாட்டும் கெட்டிக் கூரைதான் ஹார்ட் டாப். ஒழுகும் ஹார்ட் டாப்புடன் இந்த மாதம் என் பட்டறைக்கு வந்த மூன்றாவது கார் அது. 1971ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னும் திறந்த பிரிட்டிஷ் கார். உரிமையாளர் பழைய உதிரிபாகச் சந்தை ஒன்றில் ஃபைபர் கிளாஸ் கூரையை வாங்கித் தாமே பொருத்தியிருக்கிறார். முதல் மழையில் தண்ணீர் மடியில் சொட்டியதும், முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு நெடுகக் குளியலறைச் சிலிக்கோனை விரலால் இழுத்துப் பூசிவிட்டார். முந்தின நாள் பூசியது என்பதால், கதவைத் திறந்தவுடன் வினிகர் வாடை அடித்தது. "ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுங்கள், போதும்" என்றார்.

ரப்பர் புதியது. அதில் ஒரு குறையும் இல்லை.

ஹார்ட் டாப் என்பது பானைக்கு மூடி போன்றது, அந்த மாடலுக்கு உரியதாக இருந்தால் எந்தக் காரிலும் உட்கார்ந்துவிடும், உட்காராவிட்டால் போல்ட்டை இறுக்கினால் வழிக்கு வரும் என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். வராது. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையில்லாத உடலைத் தாங்குவதில் பெரும்பங்கு, கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல ஓடும் சில் தகடுகளுக்கு உரியது. அவை உள்ளிருந்து துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் முன்கண்ணாடியும், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பின்மேடையும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையில் உட்கார வேண்டிய கூரையோ பழைய அளவிலேயே இருக்கிறது. முன்னால் பொருந்தினால் பின்னால் தூக்கும். பின்னால் பொருந்தினால் முன்னால் வாய் பிளக்கும். போல்ட்டை இறுக்க இறுக்க, பக்கவாட்டுப் பிடியைச் சுற்றி ஃபைபர் கிளாஸ் நட்சத்திரம் போல விரிசல் விடும். ஆக, கூரையை வாங்குவதற்கு முன் கதவின் பின்விளிம்பைப் பாருங்கள்: இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் உங்கள் முதல் வேலை சில்லில்தான். கதவுத்திறப்பில் தாங்குசட்டம் கட்டாமல் சில்லை வெட்டி வெல்டிங் செய்த கார்களும் இப்படித்தான் வருகின்றன. தொய்வை நிமிர்த்தாமல் அப்படியே வெல்டிங்கால் நிரந்தரமாக்கிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 2018 மே முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. உரிமையாளர்களுக்கு அது சலுகைதான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது காருக்கு அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்த ஆளும் அதோடு போய்விட்டார்.

பொருத்தும்போது கார் நான்கு சக்கரங்களில், சமதளத்தில் நிற்கட்டும். ஜாக்கியின் மேல் ஏற்றிவைத்து அளவு பார்க்காதீர்கள். கூரையைத் தூக்க இருவர் வேண்டும். எல்லாப் பிடிகளையும் முதலில் தளர்வாக மாட்டி, கதவுகளைச் சாத்திப் பார்த்தபின், ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பிடிக்கும் உடலுக்கும் இடையே சந்து இருந்தால் வாஷர் வைத்து நிரப்புங்கள். திருகை முறுக்கிச் சந்தை மூடாதீர்கள். ரப்பரின் மேல் சாக்கட்டியைத் தேய்த்துக் கூரையை இறக்கிப் பூட்டி, மறுபடி தூக்கிப் பாருங்கள். சட்டத்தில் வெள்ளைக்கோடு எங்கே அறுந்திருக்கிறதோ, அங்கேதான் தண்ணீர் நுழையும். கதவுக்கண்ணாடியை அதற்குப் பிறகே கூரையின் ரப்பருக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவும் பெயின்ட் அடிப்பதற்கு முன் நடக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்.

சிலிக்கோன் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். அந்த வினிகர் வாடை வீசும் வகை, உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அது இரும்பை அரிக்கும். பிறகு அதன் எண்ணெய்ப்பசை துளி ஒட்டியிருந்தாலும், மேலே அடிக்கும் பெயின்ட் விலகி மீன்கண் போலக் குழிகுழியாக நிற்கும். பெயின்டரிடம் கேட்டுப் பாருங்கள், அச்சில் ஏற்ற முடியாத சொற்களில் பதில் வரும்.

ஃபைபர் கிளாஸ் கூரையின் பழைய பெயின்டை நீக்க, இரும்புக்குப் பயன்படுத்தும் ரசாயனத்தைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது பெயின்டோடு நிற்காது, அடியில் இருக்கும் ரெசினையும் இளக்கிவிடும். பொறுமையாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், முகமூடி கட்டாயம். விரிசலின் மேல் பட்டி பார்த்து மூடினால் சில மாதங்களில் அதே கோடு திரும்பவும் தெரியும். விரிசலை அகலமாகக் குடைந்து, உள்பக்கத்தில் இழைத்துணியும் ரெசினும் புதிதாக இட்டு வலுவூட்டிய பிறகே வெளிப்புறம் பட்டிக்கு வர வேண்டும். இன்னொரு பழைய திறந்த காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் கூரை இரும்பு என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதில் பின்கண்ணாடி ரப்பருக்கு அடியில் துரு இருக்கும், கண்ணாடியைக் கழற்றாமல் அது தெரியாது.

இன்னொன்று: தலைக்கு மேல் கூரை வந்துவிட்டதால் கார் உருண்டாலும் தப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள். இது மழைக்கும் குளிருக்கும் மட்டுமே. உருள்பாதுகாப்புக் கம்பி வேறு.

அந்த 1971 காரின் இடப்பக்கச் சில்லில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிவரை இறங்கியது. வெல்டிங் வேலைக்கு அது மூன்று வாரம் நிற்கும். கூரை மேடைமேல் கிடக்கிறது. என் உதவியாளர் இரண்டு நாளாகப் பிளாஸ்டிக் கத்தியால் சிலிக்கோனைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.