கன்னமிடுதல்

பக்கத்து புளோக்கில் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டால், "கொள்ளையடிச்சிட்டாங்க" என்கிறோம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது கொள்ளை இல்லை. ஆளை அடித்தோ மிரட்டியோ பறிப்பதுதான் கொள்ளை. அதற்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. வீட்டை உடைத்துப் புகுவது வேறு குற்றம். மலாய்க்காரர்கள் அதை 'பெச்சா ரூமா' என்பார்கள், வீட்டை உடைத்தல் என்றே பொருள். நம் செய்திகளில் 'வீடு புகுந்து திருட்டு' என்று வருகிறது. எனக்கு அது போதவில்லை.

திறந்து கிடந்த கதவு வழியே வந்து கைப்பேசியை எடுத்துப் போனவனும் வீடு புகுந்து திருடியவன்தானே? அவனுக்கு 7 ஆண்டு வரை சிறை, அபராதம். திருடும் நோக்கத்தோடு உடைத்துப் புகுந்தவனுக்கோ 10 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும்.

'உடைத்தல்' என்பதற்குச் சட்டத்தில் விரிந்த பொருள். சுவரில் துளை போடுவது, மதிலேறி சன்னல் வழியே இறங்குவது, பூட்டைத் திறப்பது எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவன் அதைக் கொண்டே திறந்து நுழைந்தாலும் உடைத்ததாகத்தான் கணக்கு.

இதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: கன்னம். முகத்தின் கன்னம் அன்று. திருடன் வீட்டுச் சுவரில் போடும் துளை. தெலுங்கில் துளைக்கு இன்றும் கன்னம் என்றே பெயர், கன்னடத்தில் கன்ன. துளை போடும் கருவி கன்னக்கோல். மண்சுவர் வீட்டில் தாழிட்ட கதவைவிடச் சுவர் எளிதாக வழிவிட்டது. மதுரைக்காஞ்சி காட்டும் நள்ளிரவிலேயே நிலம் அகழும் உளியோடு கள்வர்கள் திரிகிறார்கள்.

'கன்னம் வைத்தான், ஒன்றும் அகப்படவில்லை' என்று சொல்லலாம். 'வீடு புகுந்து திருடினான், ஒன்றும் அகப்படவில்லை' என்றால் வாக்கியமே ஒட்டாது. சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது: திருடும் எண்ணத்தோடு உடைத்துப் புகுந்தாலே குற்றம், வெறுங்கையோடு திரும்பினாலும்.

'வீடுடைப்பு' என்றாலும் புரியும். ஆனால் அது வீட்டையே இடித்துத் தள்ளுவதுபோல் ஒலிக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுச் சுவரை யாரும் உளியால் குடைவதில்லை, உண்மைதான். அதனால் சொல் பழசாகிவிடாது. 2024இல் புக்கிட் தீமா பக்கத் தரைவீடுகளில் அடுத்தடுத்துத் திருடர்கள் உடைத்துப் புகுந்ததை 'கன்னமிட்டார்கள்' என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கலாம்.