பெயரைப் படிக்கும் முன்பே

உணவகங்களுக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது முகப்பு ஒன்றை வரைந்து முடித்ததும், படத்தில் கடைப் பெயரைத் தாளால் மறைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாத யாரிடமாவது காட்டி "இது யார் கடை?" என்று கேட்பேன். பெரும்பாலான கடைகள் இதில் தேறுவதில்லை. பெரிய துரித உணவு நிறுவனங்களின் பழைய கட்டடங்கள் சுலபமாகத் தேறிவிடும். கூரையும் நிறமும் வளைவுமே பெயர்ப்பலகையின் வேலையைப் பார்த்துவிடும். சாப்பிடப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த உத்திக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு பயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இறைச்சிக்கூடங்களின் அழுக்கு வெளிச்சத்துக்கு வந்த பிறகு, அமெரிக்கர்கள் பலருக்கு அரைத்த மாட்டிறைச்சி என்றாலே சந்தேகம். 1921இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் கேசில் என்ற பர்கர் நிறுவனம், கடையையே ஒரு குட்டி வெள்ளைக் கோட்டையாகக் கட்டியது. சிகாகோவின் பழைய தண்ணீர்க் கோபுரத்தைப் பார்த்துப் போட்ட வடிவம் அது. வெள்ளை சுத்தத்தைச் சொல்லும், கோட்டை உறுதியைச் சொல்லும். பிறகு எனாமல் பூசிய எஃகுத் தகடுகள் வந்தன. கழுவிவிட்டால் சுவர் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் வெள்ளைச் சுவர், உள்ளே அடுப்படி சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. (அவர்கள் சமைப்பதை வாடிக்கையாளர் கண்ணெதிரே வைத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மெக்டொனால்ட்ஸ் கதை. கட்டடம் தட்டையாக, குள்ளமாகத் தெரிகிறதே என்று அதைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ரிச்சர்ட் மெக்டொனால்டுக்கு ஒரு குறை. இரண்டு பக்கமும் இரண்டு வளைவுகளைக் கிறுக்கிக் காட்டினார். ஸ்டான்லி மெஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் அதை முறையாக வரைந்து கொடுத்தார். 1953இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், நியான் விளக்கு பொருத்திய மஞ்சள் வளைவுகள் கொண்ட முதல் கடை திறந்தது.

கூரையைத் தாண்டி வளைவுகளுக்கு எதற்கு அவ்வளவு உயரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 19 மீட்டர் ஓடிவிடும். 200 மீட்டருக்கு முன்னால் கடை கண்ணில் பட்டாலும் ஓட்டுநருக்குப் பத்து நொடிதான். என்ன கடை, நிறுத்தலாமா, எங்கே திரும்புவது என்று எல்லாம் அதற்குள் முடிவாக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நேரமா அது? வடிவம்தான் கைகொடுக்கும். இன்றும் சாலையோரப் பலகைக்கு உயரம் குறிக்கும்போது நாங்கள் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

ஒரு கோணத்தில் நின்று பார்த்தால் இரண்டு வளைவுகளும் சேர்ந்து ஆங்கில 'எம்' எழுத்தாகத் தெரிந்தன. 1962இல் அதுவே லோகோ ஆனது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் புதிய கடைகளுக்குச் செங்கல் சுவரும் சாய்ந்த கூரையும் வந்தன. வளைவுகள் கட்டடத்தை விட்டு இறங்கிப் பலகையில் மட்டும் தங்கின. வளைவை விட்டுவிடாதீர்கள் என்று வாதாடியவர் லூயிஸ் செஸ்கின் என்ற ஆலோசகர். அந்த வளைவுகள் ஆழ்மனதுக்குத் தாய்மார்பை நினைவூட்டும் என்று, உளவியல் அறிஞர் ஃப்ராய்டின் பாணியில் அதற்கு விளக்கமும் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. அத்தனை வருடம் பார்த்துப் பழகிய கண்ணே போதுமான காரணம்.

பீட்சா ஹட்டின் சிவப்புக் கூரை வேறு பாடம். கடை காலியாகி, அதே கட்டடத்தில் வேறு வியாபாரம் வந்த பிறகும் ஜனங்கள் அந்தக் கூரையைப் பார்த்து "இது பழைய பீட்சா ஹட்" என்கிறார்கள். இப்படி ஒட்டிக்கொள்ளும் கட்டடத்தை அடுத்தவருக்கு விற்பதும் வாடகைக்கு விடுவதும் சிரமம். இப்போது பல நிறுவனங்கள் சாம்பல் நிறப் பெட்டி மாதிரி கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆர்டர் கைப்பேசியில் வரும்போது, விரல் நுனி அளவுச் சின்னம் அடையாளம் தெரிந்தால் போதும் அல்லவா.

"அவங்க கடை மாதிரியே போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வருகிற சிறு முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பெயரை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். டூ பெசோஸ், டாக்கோ கபானா என்ற இரண்டு உணவகங்களின் வழக்கில், ஓர் உணவகத்தின் தனித்துவமான ஒட்டுமொத்தத் தோற்றத்துக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

அப்புறம், பெற்றோருக்கு. 2007இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள்: ஒன்று மெக்டொனால்ட்ஸ் சின்னம் போட்ட உறையில், மற்றது வெறும் உறையில். சின்னம் இருந்ததுதான் ருசி என்று சொன்ன குழந்தைகளே அதிகம். சாதாரண மளிகைக் கடையில் வாங்கிய கேரட்டுக்கும் அதே பதில்தான். அடுத்த முறை பார்சல் வாங்கினால், பெட்டியைப் பிரித்து, வீட்டுத் தட்டில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.