குடியை நிறுத்த ஒரு கூட்டம் எப்படி உதவுகிறது?

1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில், வணிக முயற்சி ஒன்றில் தோற்றுப்போன பில் வில்சன் என்ற பங்குத் தரகர் தாம் தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை நிறுத்தி அவருக்கு ஐந்தே மாதங்கள் ஆகியிருந்தன. மதுக்கூடமோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போலவே குடியோடு போராடும் வேறொருவரைத் தேடலானார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்த அவர், இரவு வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான், குடிநோயாளிகள் கூட்டங்களில் கூடி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) தனது தொடக்க நாளாகக் கொள்கிறது.

குடிப்பவருக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, இன்னொரு குடிநோயாளியின் பேச்சு மட்டும் ஏன் பலிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மூளையிலிருந்து தொடங்க வேண்டும். மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் விளைவைக் கூட்டி, மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டின் விளைவைக் குறைக்கிறது. பல ஆண்டுகள் குடிக்கும்போது மூளை இதற்கு ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொள்வதால், மதுவைத் திடீரென நிறுத்தினால் கட்டுப்பாடற்ற தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு உயிரையே பறிக்கக்கூடிய மனக்குழப்பமும் ஏற்படலாம். ஆகவே, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் முதலில் போக வேண்டிய இடம் கூட்டம் அன்று, மருத்துவமனை. வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயல்வதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

மருத்துவர்கள் உரிய மருந்துகளும் தயமின் (வைட்டமின் பி1) ஊட்டச்சத்தும் கொடுத்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் உடலைச் சீராக்கிவிடுகிறார்கள். ஆனால் மூளை கற்றுக்கொண்ட பழக்கம் அவ்வளவு விரைவில் அழிவதில்லை. வழக்கமாகக் குடிக்கும் நேரம், கடைக்குத் திரும்பும் தெருமுனை, உடன் குடித்த நண்பரின் குரல் ஆகிய ஒவ்வொன்றும் மூளையில் வேட்கையைத் தூண்டும் டோபமின் பாதைகளைத் தட்டியெழுப்பி அடங்காத வேட்கையை உண்டாக்குகின்றன. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் எதிர்கொள்ள வேண்டியது அந்த வெறுமையான மாலைப்பொழுதைத்தான்.

கூட்டம் வேலை செய்வதும் அந்த இடத்தில்தான். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும் கூட்டத்தில் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்ல, மற்றவர்கள் இடைமறிக்காமலும் அறிவுரை கூறாமலும் கேட்கிறார்கள். கட்டணம் கிடையாது; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஜான் கெல்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஏ.ஏ.வின் பயனில் பெரும்பகுதி இரண்டு மாற்றங்கள் வழியாக வருவதைக் கண்டிருக்கிறார்கள்: ஒருவரைச் சுற்றியுள்ள குடிக்கும் நண்பர்கள் குறைந்து குடிக்காதவர்கள் கூடுவது, பிறர் குடிக்கும் சூழலிலும் தம்மால் மறுக்க முடியும் என்ற நம்பிக்கை வளர்வது. ஸ்பான்சர் எனப்படும் மூத்த உறுப்பினர் வேட்கை எழும் நேரத்தில் தொலைபேசியில் கிடைப்பது இந்த இரண்டுக்குமே துணை செய்கிறது.

கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட காக்ரேன் மதிப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவது), 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஆராய்ந்தது. ஏ.ஏ.வில் ஈடுபட முறைப்படி வழிநடத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் முற்றிலும் குடிக்காமல் இருந்தனர். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவற்றைப் பெற்றவர்களில் அது 35 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்டோர் மீண்டும் குடித்திருக்கிறார்கள் என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. எனவே மருந்து எடுப்பவர் கூட்டத்தை நம்பி மருந்தைக் கைவிடக் கூடாது; மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த உறுப்பினருக்கும் உரிமையில்லை.

முகவரி கையில் இருந்தும் போகாமல் இருப்பதுதான் பெரும்பாலோரின் சிக்கல். 2019இல் வெளியான இந்தியத் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். 1981இல் 20 பேரைக் கொண்டு நடந்த ஒரு சிறிய ஆய்வு இங்கு மிகவும் பொருந்தும். பாதிப்பேரிடம் கூட்டத்தின் விவரங்களைக் கொடுத்துப் போகச் சொன்னார்கள்; ஒருவர்கூடப் போகவில்லை. மீதிப்பேருக்கு ஆலோசகர் அங்கேயே ஓர் ஏ.ஏ. உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்து, அந்த உறுப்பினரே உடன் அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். அத்தனை பேரும் போனார்கள்.

ஆகவே, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலோ கூட்டம் நடக்கும் இடத்தை விசாரிப்பவர், அங்கே வருபவர் ஒருவரோடு முன்கூட்டியே பேச முடியுமா என்றும் கேட்பது நல்லது. யாரும் வரக்கூடிய ‘திறந்த கூட்டங்களுக்கு’க் குடும்பத்தினரும் வரலாம். ஏ.ஏ. கூட்டங்களில் எழும் இறைவனைப் பற்றிய பேச்சு சிலருக்கு ஒட்டாமல் போகலாம். அவர்கள் வேறொரு குழுவையோ, உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற அமைப்பின் இணையவழிக் கூட்டங்களையோ முயன்று பார்க்கலாம். முதல் நாள் எதுவும் பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். ஆனால் கூட்டம் முடிந்ததும் விரைந்து வெளியேறாமல், அங்கிருப்பவர்களில் ஒருவரின் தொலைபேசி எண்ணையாவது வாங்கிக்கொண்டு, மறுநாள் வழக்கமாகக் குடிக்கும் நேரம் வருவதற்கு முன்பே அவரை அழைத்துப் பேச வேண்டும்.