நீண்ட முடி இருப்பதால் மட்டும் அது மெயின் கூன் ஆகிவிடாது

"மெயின் கூன் பூனை டாக்டர், ஆனால் எடை ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன உணவு கொடுக்கலாம்?" என்ற கேள்வியோடு வருபவர்களின் எண்ணிக்கை அண்மைக் காலமாகக் கூடிக்கொண்டே போகிறது. மெயின் கூன் என்பது அமெரிக்காவில் தோன்றிய, உருவில் பெரிய, நீண்ட முடிப் பூனை இனம். கடைசியாக இப்படி வந்த பூனைக்கு வயது நான்கு, எடை எட்டரை கிலோ. விலா எலும்புகளை விரலால் அழுத்தித் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. நடக்கவிட்டுப் பார்த்தபோது பின்னங்கால்களில் விரல்களை மட்டும் ஊன்றாமல், குதிகால் முழுவதும் தரையில் படும்படி வைத்து நடந்தது. "பெரிய இனம் அல்லவா, அதனால்தான் அப்படி நடக்கிறது என்று நினைத்தோம்" என்றார்கள். அது இனத்தின் நடை அன்று. நீண்ட நாள் கவனிக்கப்படாத சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்ததால் வந்த நடை. அந்தப் பூனையின் எலும்புக் கட்டுக்கு நாலரை கிலோதான் தகுந்த எடை. விற்றவர் பத்துக் கிலோ வரை வளரும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பம் அவருடைய வார்த்தையை நம்பி, முழு அன்போடு, நான்கு ஆண்டுகளாக அதற்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அது மெயின் கூன் அன்று. அதன் தலையைக் கையில் பிடித்துப் பார்த்த அரை நிமிடத்தில் அது தெரிந்துவிட்டது. ஒரு பூனை எந்த இனம் என்பது பெருமைக்கான விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை, அதற்கு எவ்வளவு உணவு தேவை, எந்த நோயை முன்கூட்டியே தேட வேண்டும், எந்த வயதுவரை வளரும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். தவறான இனப் பெயர் பூனையின் உடம்பில்தான் வந்து விடிகிறது.

என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் நம்பிக்கை, முடியைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்பது. எத்தனை முறை விளக்கினாலும் இது மறைவதாக இல்லை என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். பூனைக்கு முடி நீளமாக வளர்வதற்கு எஃப்ஜிஎஃப்5 என்ற ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றமே போதும். அது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும். ஆகவே, குட்டை முடி கொண்ட இரண்டு தெருப் பூனைகளும் அந்த மரபணுவை ஒவ்வொரு பிரதி மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றுக்குப் புசுபுசுவென்று நீண்ட முடியோடு குட்டி பிறக்கலாம். அப்படிப் பிறந்த குட்டிக்கு எந்த வெளிநாட்டு இனத்தோடும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. உலகில் உள்ள நீண்ட முடிப் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய இனப்பெயர் இல்லாத வீட்டுப் பூனைகளே.

அடுத்து நெற்றியில் இருக்கும் எம் எழுத்து போன்ற கோடு. அது மெயின் கூனின் முத்திரை என்று இணையத்தில் யாரோ எழுதி, எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டேபி என்னும் வரி அமைப்பு உள்ள எந்தப் பூனைக்கும், அது தெருவில் திரிந்தாலும், கண்காட்சி மேடையில் நின்றாலும், அந்தக் கோடு நெற்றியில் இருக்கும். மாறாக, ஒரே நிறமாக முழுக் கறுப்பிலோ முழு வெள்ளையிலோ இருக்கும் தூய மெயின் கூனின் நெற்றியில் அது தெரியாது. காது நுனியில் லிங்ஸ் எனும் காட்டுப் பூனைக்கு இருப்பது போன்ற முடிக்கற்றை, தொண்டையிலிருந்து எழும் கொஞ்சல் குரல், தண்ணீரில் விளையாடும் வழக்கம் ஆகியவையும் இப்படித்தான். மெயின் கூனில் இவை அடிக்கடி காணப்படுவது உண்மை. ஆனால் இவை வேறு பூனைகளிலும் உண்டு, எல்லா மெயின் கூனிலும் இருப்பதும் இல்லை. ரக்கூனும் பூனையும் கலந்து உருவான இனம் என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒரே வரி: இரண்டும் வெவ்வேறு விலங்குக் குடும்பங்கள், அவற்றுக்கிடையே குட்டி பிறக்க வழியே இல்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? எலும்பைப் பாருங்கள். முடியை மறந்துவிட்டு, பூனை முழுவதும் நனைந்திருப்பதாக எண்ணிக்கொண்டு அதன் கட்டமைப்பைப் பாருங்கள். நான் முதலில் தொடுவது மூக்கும் வாயும் சேர்ந்த முகவாய்ப் பகுதியை. மெயின் கூனில் அது கூர்ந்து முடியாமல், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டியின் முனை போலச் சதுரமாக முடியும். மூக்கின் நுனி, மேலுதடு, தாடை மூன்றும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். தாடை பலமாக இருக்கும், உள்வாங்கியிருக்காது. நெற்றியிலிருந்து மூக்கு நோக்கி விரலை இழுத்தால் ஒரு மென்மையான உள்வளைவு தட்டுப்படும்; திடீர்ப் பள்ளமும் இருக்காது, நேர்கோடாகவும் இருக்காது. கன்ன எலும்புகள் உயர்ந்திருக்கும். காதுகள் பெரியவை, அடியில் அகன்றவை, தலையின் உயரத்தில் ஏறக்குறைய ஒரு காதின் அகலம் இடைவெளி விட்டு நிமிர்ந்து நிற்பவை.

உடலை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அது நீண்ட செவ்வகமாக இருக்கும். மார்பு அகன்றும், கால்கள் கனத்த எலும்போடும், பாதங்கள் பெரிதாகவும் வட்டமாகவும், விரல்களுக்கிடையே முடிக்கற்றைகளோடும் அமைந்திருக்கும். வாலை மெதுவாக முதுகின் மேல் மடக்கிப் பார்த்தால் அது தோள்பட்டை வரை எட்ட வேண்டும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் முடிக்கு வர வேண்டும், அங்கும் நீளத்தைவிட அதன் சீரின்மையே முக்கியம்: தோள்களில் குட்டையாகத் தொடங்கி, முதுகின் வழியே நீண்டு, வயிற்றிலும் பின்தொடைகளிலும் தொங்கும், கழுத்தின் முன்புறம் அடர்ந்து நிற்கும். உடல் முழுவதும் ஒரே நீளத்தில் பஞ்சுபோல எழுந்து நிற்கும் முடி, பெர்சியன் கலப்பை நினைக்க வைக்குமே தவிர, மெயின் கூனை அன்று.

இதே உருவமும் முடியும் கொண்ட உறவுக்கார இனங்களைக் குழப்பிக்கொள்வது வேறு கதை. அங்கே அனுபவமுள்ளவர்களும் தடுமாறுவது உண்டு. நார்வேஜியன் ஃபாரஸ்ட் பூனையின் முகம் முக்கோணம். நெற்றியிலிருந்து மூக்கு வரை நேர்கோடு. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிடச் சற்று உயரம். சைபீரியன் பூனையில் எல்லாமே உருண்டை, முகமும் உடலும் கண்களும். ராக்டால் என்றால் நீலக் கண்ணும், முகம், காது, கால், வால் ஆகிய முனைகளில் மட்டும் அடர்ந்த நிறமும் கட்டாயம். இந்த முனை நிற அமைப்பு மெயின் கூன் இனத் தரத்தில் ஏற்கப்படுவதே இல்லை. சாக்லேட், லாவெண்டர் நிறங்களும் அப்படியே. எனவே "அபூர்வ நிற மெயின் கூன்" என்று கூடுதல் விலை சொல்லி சயாமீஸ் பூனைக்கு உள்ளதுபோன்ற முனை நிறத்தோடு ஒரு நீலக்கண் குட்டியைக் காட்டினால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எடையைப் பற்றிய மயக்கம்தான் உண்மையில் அதிகத் தீங்கு செய்கிறது. மெயின் கூன் ஆண்கள் பொதுவாக 6 முதல் 8 கிலோவும், சில அதற்கு மேலும் இருக்கும். பெண்கள் 4 முதல் 6 கிலோ. நாலரை கிலோவில் நிற்கும் பெண் மெயின் கூன் குறைபாடுள்ளதும் அன்று, போலியும் அன்று. 2010ஆம் ஆண்டில் உலகின் மிக நீளமான வீட்டுப் பூனை என்று கின்னஸ் பதிவு செய்த ஸ்டூயி, மூக்கு முதல் வால் நுனி வரை 123 சென்டிமீட்டர் இருந்த மெயின் கூன்தான். ஆனால் சாதனையை அளவுகோலாக வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள பூனையை வளர்க்கக் கூடாது. இந்த இனம் முழு வளர்ச்சி அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த வளர்ச்சியை எலும்பும் தசையும் தாமாகவே செய்துகொள்ளும், உணவைத் திணித்து அதை விரைவுபடுத்த முடியாது. திணித்தால் ஏறுவது கொழுப்பு மட்டுமே. இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்புள்ள இனம் இது. அதன்மேல் கொழுப்பையும் ஏற்றுவது கொடுமை.

ஏற்கனவே பருத்துவிட்ட பூனையைப் பார்த்துப் பயந்து, உணவை ஒரேயடியாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பருத்த பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் வந்து தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறைந்தால் போதும், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில்.

உருவத்தை எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் அது இனத்துக்குச் சான்று ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருவம் "இது மெயின் கூன் அன்று" என்று சொல்லப் பயன்படும். "இதுதான்" என்று உறுதி செய்வது வம்சாவளிப் பதிவு மட்டுமே. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்தின் கடும் குளிரில், யாரும் திட்டமிட்டு உருவாக்காமல் தானாக உருவான பூனை இது. 1895இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பூனைக் கண்காட்சியில் கோசி என்ற மெயின் பூனை முதலிடம் பெற்றது. பிறகு பெர்சியன் மோகத்தில் இந்த இனம் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டு, 1976இல்தான் சிஎஃப்ஏ என்னும் பூனை ஆர்வலர் சங்கத்தின் சாம்பியன் போட்டிகளில் இடம் பெற்றது. தலைமுறை தலைமுறையாக எழுதிவைக்கப்பட்ட பெயர்களின் தொடர்தான் "தூய இனம்" என்ற சொல்லுக்குப் பொருள். சிஎஃப்ஏ, டிகா, ஃபிஃபே போன்ற பதிவு அமைப்புகளின் சான்றிதழில் தாய், தந்தை, பாட்டன், பாட்டி பெயர்களும் பதிவு எண்களும் இருக்கும். அந்த எண்களை அமைப்பிடமே கேட்டுச் சரிபாருங்கள். குட்டியின் உடலில் உள்ள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணும் தாள்களில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று மருத்துவமனையில் கருவியால் படிக்கச் செய்யுங்கள்.

இங்கே எங்கள் தொழில் சார்ந்த ஒரு விளக்கம். தடுப்பூசி அட்டையில் "இனம்" என்ற கட்டத்தில் மருத்துவமனைகள் எழுதுவது, பூனையைக் கொண்டுவருபவர் சொல்வதைத்தான். அது விசாரித்து எழுதப்படும் தகவல் அன்று. அந்த அட்டையைக் காட்டி "டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று குட்டிகளை விற்கும் வழக்கம் பரவியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் கட்டத்தில் உள்ள வார்த்தைக்கு விலை கொடுக்காதீர்கள்.

தாள்கள் சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான மெயின் கூனுக்குத்தான் உண்மையான கேள்விகள் தொடங்குகின்றன. இதயத் தசை தடித்துப்போகும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருகிறது. அதோடு தொடர்புடைய எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவின் பிறழ்வை 2005இல் கண்டுபிடித்தார்கள். மெயின் கூன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதைச் சுமக்கிறது. ஆகவே பூனைகளை இனப்பெருக்கம் செய்து விற்கும் பிரீடரிடம் குட்டியின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், தாய் தந்தை இரண்டின் மரபணுப் பரிசோதனை முடிவையும், இதய எக்கோ அறிக்கையையும் கேளுங்கள். மரபணு முடிவு நல்லதாக இருந்தாலும் இந்த நோய் வர இடமுண்டு. எக்கோ தேவையில்லை என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். முதுகுத்தண்டு நரம்புச் செல்கள் அழிந்து தசை நலிவடையும் நோய்க்கும், சிவப்பணுக்கள் அழிந்து இரத்தசோகை உண்டாக்கும் பைருவேட் கைனேஸ் குறைபாட்டுக்கும் பரிசோதனைகள் உண்டு; அவற்றையும் கேளுங்கள். தாய்ப் பூனையை நேரில் காட்ட மறுப்பவரிடமும், பன்னிரண்டு வாரம் ஆகாத குட்டியைக் கையில் திணிப்பவரிடமும் வாங்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு பெரிய நீண்ட முடிப் பூனை இருக்கிறது, அது என்ன இனம் என்று தெரியவில்லை என்றால், இனத்தைத் தேடி அலைய வேண்டாம். விலா எலும்புகள் விரலுக்கு எளிதாகத் தட்டுப்படும் எடையில் அதை வைத்திருங்கள். நாள்தோறும் முடியைச் சீவிவிடுங்கள். குறிப்பாக அக்குளிலும் பின்தொடையிலும் சீவ மறக்காதீர்கள். சிக்குப் பிடித்த முடியைக் கத்தரியால் வெட்டப்போய்த் தோலையும் சேர்த்து வெட்டிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கு முன்னும் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதய நோய் உள்ள பூனைகள் பல, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலேயே இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில்கூட ஒன்றும் கேட்காமல் போகலாம். பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, பாதங்கள் சில்லிட்டு, வலியில் அலறினாலோ, ஓய்வாக இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, காலை வரை காத்திருக்காமல் அந்த நேரமே கிளம்புங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு, அதற்குக் கடிகாரம் போதும். பூனை ஆழ்ந்து தூங்கும்போது அதன் மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது சேர்த்து ஒரு மூச்சு. 30க்குக் கீழே இருந்தால் சரி. தொடர்ந்து சில நாட்கள் அதற்கு மேலே போனால், எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.