காய்வது வேறு, இறுகுவது வேறு

சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் சில நாளில் தொடுவதற்குக் காய்ந்திருக்கும். ஆனால் இறுகியிருக்காது. காய்வது என்றால் நீர் வெளியேறுகிறது. இறுகுவது என்றால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல பூச்சுகள் மாவாக உதிர்கின்றன.

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துபோகும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது 18 கிலோ நீரை வாங்கிக் கொதித்து நீறி, 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. (சூட்டில் ஆவியாவதையும் கணக்கிட்டு நீரைக் கூடுதலாகத்தான் ஊற்றவேண்டும்.) சுவரில் ஏறியபின் அதே 44 கிலோவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி, 18 கிலோ நீரை விட்டுவிட்டு, மறுபடி கல்லாகிறது.

காற்றில் இந்த வாயு சுமார் 0.04 சதவீதம்தான். அதனால் வேலை மெதுவாகவே நடக்கும். வாயு நேராகச் சுண்ணாம்போடு வினைபுரிவதும் இல்லை. துளைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்துதான் வினைபுரிகிறது. படலமே இல்லாமல் வறண்டால் வினை நிற்கும். துளைகள் நீரால் அடைபட்டாலும் நிற்கும், ஏனெனில் நீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருப்பதே நல்லது.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒரு பூச்சு 10 மில்லிமீட்டர் அளவில். பூசுமுன் சுவரை நனையுங்கள். பிறகு வெயிலும் காற்றும் படாமல் ஈரச் சாக்கு கட்டி, லேசாகத் தெளித்து, சற்று உலரவிட்டு, மறுபடி தெளியுங்கள். சிமென்ட்டுக்குச் செய்வதுபோல் நாள் முழுக்க நீர் ஊற்றினால் வாயு நுழையவே வழியிருக்காது. பூச்சில் சிறு குழிகளாகச் சில்லு தெறித்தால், நீறாத கட்டிகள் உள்ளே தாமதமாக நீறிப் பெருத்திருக்கின்றன. நன்றாக நீறவிட்டுச் சலித்திருந்தால் இது நேராது.

சிமென்ட் வேறு வகை. அது நீரோடு வினைபுரிந்தே இறுகும், நீருக்கடியிலும் இறுகும். அந்த வினையில் கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது நீற்றுச் சுண்ணாம்பும், உண்டாகிறது. கார்பன் டை ஆக்சைடு அதைத்தான் பிடிக்கிறது. கம்பியில்லாத சாதாரணச் சிமென்ட் பூச்சில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அப்படி உண்டாகும் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல்லின் பொருள்) சற்றே கூடுதல் இடம் பிடிப்பதால் துளைகள் குறுகி மேற்பரப்பு கடினமாகும்.

கம்பி போட்ட கான்கிரீட்டில்தான் ஆபத்து. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 12.5-க்கு மேலிருப்பது கம்பிமேல் ஒரு காப்புப்படலத்தை நிலைநிறுத்துகிறது. கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைத் தின்று மதிப்பை 9-க்குக் கீழ் இறக்கினால் அந்தப் படலம் போய்விடும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்ததும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் மேல்மூடல் வெடித்துப் பெயரும்.

கார்பன் டை ஆக்சைடின் இந்த ஊடுருவல் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகர்கிறது. 4 ஆண்டில் 5 மில்லிமீட்டர் என்றால், 10 மில்லிமீட்டருக்கு 16 ஆண்டு, 20-க்கு 64 ஆண்டு. ஆகவே கம்பிக்கு மேலுள்ள மூடலைப் பாதியாகக் குறைத்தால் பாதுகாப்புக் காலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். மேஸ்திரியும் பொறியாளரும் மறக்கக்கூடாத கணக்கு இது. சரியாக நீராற்றாத கான்கிரீட்டில் துளைகள் அதிகம். அங்கே வேகம் இன்னும் கூடும்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீதப் பினாப்தலீனைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளியுங்கள். காரம் மிஞ்சிய இடம் இளஞ்சிவப்பாகும், மாறிவிட்ட ஓரம் நிறமற்றிருக்கும். அந்த ஓரத்தின் ஆழத்தை அளந்து கம்பியின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். துளையிட்ட தூசி ஒட்டியிருந்தால் உள்ளிருக்கும் காரம் ஓரத்தையும் சிவக்க வைத்து ஏமாற்றிவிடும். அதனால் முதலில் துலக்கிவிட்டுத்தான் தெளிக்கவேண்டும்.